ரிப்பேருக்கு வந்த பொறாமைகள்

ரேடியோ ரிப்பேர் கடையின் முன்பக்கம் உட்காருகிறவளுக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றுமே தெரிய வேண்டாம். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் வீட்டில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் கடை கோலார் தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டை பஜாரில் இருந்தது. முன்னால் ஒரு மேஜை, நான், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் விளக்கு, வால்வுகள், ஈயப் புகை, அப்புறம் என் வீட்டுக்காரர் சீலன். புருஷன் பெயரை இவ்வளவு தாராளமாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். கடைப் பலகையில் இருந்ததே அந்தப் பெயர்தான். ஊரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நான் ஒருத்திதான் 'இன்னாங்க' என்று கூப்பிட்டேன். அதற்கும் 'ம்' என்றுதான் பதில் வரும்.

அப்போதெல்லாம் சம்பளம் கொஞ்சம் கூடின மைன்ஸ்காரர்கள் முதலில் வாங்கியது ரேடியோதான். ரேடியோ வந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் குடிவந்த மாதிரி ஆகிவிட்டது. புருஷனுக்கு அதன்மேல் பொறாமை, இல்லையென்றால் பெண்டாட்டிக்கு. பக்கத்திலேயே ஆள் இருந்தும் பேச ஆள் இல்லாமல் காலம் தள்ளினவர்கள் உங்களில் யாராவது இருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள்மேலும் எனக்குப் பொறாமைதான்.

எங்கே வலிக்குது?

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். காலையில் எழுந்ததும் "உடம்பு சுடுதுங்க" என்றேன். "ம்" என்றார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, புடவைத் தலைப்பைக் காதோடு போர்த்திக்கொண்டு கடையில் வந்து உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னால் ஒரு பழைய பெரிய செட்டைத் திறந்து வைத்திருந்தார். அதனிடம் பேசுகிறார்! "இன்னாடா ராஜா ஆச்சு உனக்கு? எங்க வலிக்குது? இங்கயா? இரு, இரு, அவசரப்படாத. மெதுவா பாக்கலாம்." குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் குரல் அது. அந்தக் கை என் நெற்றியில் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் நான் மாத்திரையே கேட்டிருக்க மாட்டேன்.

பெஞ்சில் மார்க்கெட்டில் கீரை விற்கிற பாக்கியம்மா, செட்டு வாங்கிப்போக உட்கார்ந்திருந்தாள். என் முகத்தையும் பார்த்தாள், திரையையும் பார்த்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. "கேட்டியாம்மா, என்கிட்ட ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டேன். பாக்கியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "அது வாயத் தொறக்காத வரைக்கும்தான் கொஞ்சுவாரு. பேச ஆரம்பிச்சதும் யார் கையிலயாவது குடுத்துட்டு அடுத்ததப் பாப்பாரு, நீ வேணா பாரு."

பாட்டு போதும்

மைசூர் மைன்ஸ் பக்கம் லைன் வீட்டிலிருந்து சின்னப்பன் என்று ஒருவர் ஒரு செட்டைத் துணியில் கட்டித் தூக்கி வந்தார். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. தோள் ஒவ்வொன்றும் கதவு அகலம். "மேலருந்து உழுந்துடுச்சி" என்றார். பிரித்துப் பார்த்தால் முன்பக்கத் துணி கிழிந்து, ஸ்பீக்கர் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. மேலிருந்து விழுந்த ரேடியோவுக்கு மூலை உடையும், நடுவயிற்றில் ஓட்டை விழாது. 'விழுந்தது' என்றே சீட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அவர் பெண்டாட்டி செங்கேணி வந்தாள். செட்டு பிழைக்குமா என்று கேட்டாள், ஏதோ பெரியாஸ்பத்திரியில் கேட்கிற மாதிரி. பிழைக்கும் என்றதும் கதையைச் சொன்னாள். மத்தியானப் பாட்டு நிகழ்ச்சியில் பேசுகிறவர் தினமும் ஆரம்பத்தில் "எல்லாரும் சுகமா இருக்கீங்களா?" என்று கேட்பாராம். இவள் அரிசி புடைத்துக்கொண்டே "சொகந்தாங்க, நீங்க?" என்பாளாம். அன்றைக்கு ஷிப்ட் சீக்கிரம் முடிந்து வந்த சின்னப்பன், வீட்டுக்குள் ஓர் ஆம்பிளைக் குரலும் அதற்குத் தன் பெண்டாட்டி சிரித்துக்கொண்டு பதில் சொல்வதும் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்து பார்த்தால் ஆள் இல்லை, பெட்டிதான் இருக்கிறது. அப்போதும் கோபம் தீரவில்லை. "பெட்டின்னு தெரிஞ்சப்புறந்தான் குத்துனாருக்கா. 'அவங்கிட்ட மட்டும் சிரிக்கற'ன்னு கேட்டாரு. நான் இன்னா பண்றது? கண்ணாலம் ஆன நாளா என்னை சொகமான்னு கேட்ட ஒரே ஆம்பள அவருதான்."

சனிக்கிழமை செட்டை வாங்கிப்போக அவரே வந்தார். சத்தமாக வைத்துக் காட்டினோம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, திரைக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் சொன்னார்: "எக்கா, பாட்டு வரட்டும். அந்த ஆளு பேசறது மட்டும் வராத மாதிரி பண்ணித் தர முடியுமா?"

தோளில் ஒருத்தி

மைன்ஸ் டைம் ஆபீஸ் கிளார்க் பரந்தாமன் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினார். அதற்குத் தோல் உறை, உறைக்கு மேல் பூப்போட்ட துணி உறை. கடைத்தெருவில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். அவர் பெண்டாட்டி கனகா நாலடி பின்னால் வருவாள். மழை தூறினால் அவர் முதலில் துண்டால் மூடுவது எதை என்று உங்களுக்கே தெரியும்.

அந்த டிரான்சிஸ்டருக்கு ஒரு நாள் கரகரப்பு வந்து கடைக்கு வந்தது. அரை மணி நேர வேலை. மாலையே கனகா தனியாக வந்து என் மேஜைமேல் சாய்ந்துகொண்டாள். "அக்கா, சீக்கிரம் குடுத்துடாதீங்க. பார்ட்டு வரலன்னு சொல்லுங்க. ஒரு வாரம் நானும் அவரும் மட்டும் இருந்து பாக்கறோம்." எனக்கு அது என் காரியம் மாதிரியே தோன்றியது. பரந்தாமன் வந்தபோதெல்லாம் மெட்ராஸிலிருந்து சாமான் வரவேண்டும் என்று முகம் மாறாமல் சொன்னேன். சரியாகிவிட்ட டிரான்சிஸ்டர் என் மேஜை டிராயரில் பழைய செய்தித்தாளுக்குக் கீழே இருந்தது.

வாரம் முடிவதற்குள் கனகா வந்தாள். பூ வைத்துக்கொண்டு சந்தோஷமாக வருவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். கண் வீங்கியிருந்தது. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார், இவளும் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவர் எழுந்து, பாட்டு கேட்கிறேன் என்று டீக்கடைக்குப் போய்விட்டார். அப்புறம் தினமும் அங்கேதான். கனகா மேஜை டிராயரைக் கையால் காட்டினாள். "குடுத்துடுங்கக்கா. அது இருந்தாலாவது ஊட்ல இருந்தாரு."

சாம்பியன் ரீஃபில் ஒரு ஏரியல்

இதுவரை மற்றவர்கள் கதை. இனி என் வயிற்றெரிச்சல்.

சாம்பியன் ரீஃப் என்கிற சுரங்கப் பகுதியில் லலிதா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். கணவர் பம்பாயில் கப்பல் கம்பெனி வேலை. வருஷத்துக்கு ஒரு முறை வருவார், பண்டிகை மாதிரி. டீச்சர் வீட்டில் மேஜை அளவு பெரிய ரேடியோ. தூக்கி வர முடியாது, வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்த ரேடியோ மாதம் தவறாமல் கெட்டுப்போகும். பள்ளிக்கூட பியூன் வந்து சொல்லிவிட்டுப் போவான். என் வீட்டுக்காரர் கருவிப் பெட்டியை எடுப்பார். அப்புறம், இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாருவார். ரேடியோவைப் பார்க்கப் போகிற மனுஷன் எதற்குத் தலை வார வேண்டும்? என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் தலை கலைந்துதான் இருந்தது.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, கடையைப் பக்கத்துத் தையல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு "நானும் வரேன்" என்று கிளம்பினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். டீச்சர் எங்களை உட்காரவைத்தார். மெலிந்த, அமைதியான முகம். என்னைப் பார்த்ததும் ஒரு விநாடி தயங்கி, மூன்றாவது கோப்பையை எடுக்கப் போனார். செட்டின் பின்பக்கத்தை நானும் எட்டிப் பார்த்தேன். ஏரியல் கம்பி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்த கம்பி இல்லை. நிதானமாகக் கழற்றிவிட்ட கம்பி. என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மாட்டினார்.

அது அல்ல நான் சொல்ல வந்தது. வேலை முடிந்து காபி குடிக்கும்போது டீச்சர் கேட்டார்: "தூரத்து ஸ்டேஷன் எல்லாம் பகல்ல கேக்கறதில்ல, ராத்திரில மட்டும் எப்படி நல்லா கேக்குது?" என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தார். கோப்பையைத் தரையாக்கினார், சாசரை வானமாக்கினார், ரேடியோ அலை எப்படி மேலே போய் முட்டித் திரும்பி வருகிறது என்று விரலால் காட்டினார். கண் பளபளத்தது. நடுவில் சிரித்தார். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு நான் அவரை முதல் முறையாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. வாசல் வரைக்கும் வந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பொய்யே இல்லாத முகத்தோடு சொன்னார்: "இவ்ளோ நல்லா பேசற மனுஷர் வீட்லயே இருக்காரு. நீங்க குடுத்து வெச்சவங்க."

திரைக்கு இந்தப் பக்கம்

திரும்பி வருகிற வழியில், தங்கம் எடுத்த பிறகு கொட்டின சைனைட் மண்மேட்டுக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அவர் முன்னால், நான் பின்னால். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவள் பாதி வழியில் கேட்டுவிட்டேன்.

"அம்மாந் நேரம் பேசுனீங்களே."

"கேட்டாங்க, சொன்னேன்."

"என்கிட்ட இப்படிப் பேசியிருக்கீங்களா?"

அவர் நின்றார். கோபப்படவில்லை, நிஜமாகவே யோசித்தார். "நீ அரிசி இல்லன்னு சொல்லுவ. புள்ளைக்கு இருமல்னு சொல்லுவ. அதுக்கு இன்னா பேசறது? வாங்கினு வந்துடறேன் இல்ல?" என்றார்.

இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை என்று நினைக்கிறேன். சொன்னது உண்மை என்பதுதான் என்னை அதிகமாக எரித்தது. அரிசி, மருந்து, பள்ளிக்கூட பீஸ் எல்லாம் கேட்டிருக்கிறேன், கேட்டதெல்லாம் வந்திருக்கிறது. கேட்கத் தெரியாததுதான் வரவில்லை. அதை எப்படிக் கேட்பது என்று அம்மாவும் சொல்லித் தரவில்லை, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை திரையை ஒதுக்கிவிட்டு உள்ளே போய், வால்வு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "டீச்சருக்குச் சொன்னத எனக்கும் சொல்லுங்க. ரிப்பேரும் சொல்லிக் குடுங்க." பூமி பிளந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், தொழில்மேல் ஆசைப்பட்டு நான் அதைக் கற்கவில்லை. இன்னொருத்திக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா என்கிற ஆத்திரத்தில் கற்றேன். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தார். ஈயம் எப்போது உருகும், எப்போது கையை எடுக்க வேண்டும், எந்த வால்வு மங்கினால் எந்தச் சத்தம் வரும் எல்லாம் சொன்னார். ஈயம் வைக்கிற சூட்டுக்கோல் விரலில் பட்டபோது என் கையைப் பிடித்துத் தண்ணீரில் அமுக்கினார். நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகக் கையை எடுத்தேன். ஒரு மாதத்தில் நானே ஒரு செட்டைப் பாடவைத்தேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அப்போதுதான் சொன்னேன், இதற்கு முன்பே எத்தனையோ தடவை உள்ளே வந்து உட்காரலாம் என்று நினைத்திருக்கிறேன் என்று. அந்தப் பச்சைத் திரையைக் கட்டியவரே அவர்தான், தூசி வரும் என்று. அவர் சொன்ன பதில் இது: "உனக்கு இஷ்டம்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எப்பவும் அந்தப் பக்கமே உக்காந்துகினு இருந்த."

அவர் மாதிரி மெதுவாக

அடுத்த தடவை பியூன் வந்தபோது கருவிப் பெட்டியை நான் எடுத்தேன். டீச்சர் கதவைத் திறந்து, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். "அவர் வரலையா?" என்றார். "நான்தான் வந்தேன்" என்றேன். வெற்றிதான். ஆனால் உள்ளே போனால் மேஜைமேல் இரண்டு கோப்பை துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது, ஒரு தட்டில் முறுக்கு. அதைப் பார்த்ததும் வெற்றி கொஞ்சம் கசந்தது.

கம்பியை மாட்டினேன். ஒரு நிமிஷ வேலை. பாட்டு வந்தது. டீச்சர் அதைக் கேட்கவே இல்லை. "நானேதான் கழட்டறேன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றார். தலையாட்டினேன். தப்பான எண்ணம் எதுவும் இல்லை என்றார். பம்பாயிலிருந்து மாதா மாதம் மணியார்டர் வருகிறது, சவுக்கியம் என்று இரண்டு வரி வருகிறது. ஆனால் தனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ நாளாகிறது என்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது. அவர் என் புருஷனுக்காகத் துடைத்துவைத்த கோப்பையைப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். முறுக்கைத் தின்றேன். கிளம்பும்போது டீச்சர் சிரித்தார். "அடுத்த தடவையும் நீங்களே வாங்க. ஆனா அவர் மாதிரி மெதுவா ரிப்பேர் பண்ணுங்க."

மெக்கானிக்கம்மா

நான் வீடுகளுக்குப் போய் ரிப்பேர் செய்கிறேன் என்று தெரிந்ததும் வியாபாரம் பெருகியது. காரணம் என் கைராசி இல்லை. ஷிப்டுக்குப் போகிற ஆம்பிளைகள், வீட்டில் பெண்டாட்டி தனியாக இருக்கும்போது ஆம்பிளை மெக்கானிக் வருவதை விரும்பவில்லை. "உங்க ஊட்டம்மாவையே அனுப்புங்க" என்று என் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். ஊராருடைய பொறாமையில் எங்கள் வீட்டில் சோறு வெந்தது.

மாரிகுப்பத்தில் எட்வின் என்று ஒருவர். சுரங்கத்துக்குள் ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டை ஓட்டுகிற வைண்டர் டிரைவர். கல்யாணம் ஆகவில்லை; அவருடைய அம்மா படுத்த படுக்கை. அம்மாவுக்குத் துணை அந்த ரேடியோதான். முதல் நாள் போனபோதே "வாங்க மெக்கானிக்கம்மா, வெயில்ல வந்தீங்களே, சாப்டீங்களா?" என்றார். சாதாரணக் கேள்வி. ஆனால் ரோட்டில் தார் உருகுகிற நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். தண்ணீர் கொடுத்தார். நான் வேலை செய்வதை நின்று பார்த்தார். "இத்தினி சின்னக் கம்பிய எப்படித்தான் புடிக்கறீங்களோ" என்றார். மறுபடி அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தபோது நான் நீலப் புடவை கட்டிக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கட்டுகிற புடவை. தெருவில் இறங்கின பிறகுதான், கண்ணாடி முன்னால் நான் தலை வாரிக்கொண்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு லலிதா டீச்சரை எனக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது சொன்னேன்: "அந்த எட்வின் ரொம்ப மரியாதை. சாப்டீங்களான்னு கேட்டாரு." என் வீட்டுக்காரர் 'ம்' என்று சொல்லவில்லை. பிசைந்த சோற்றைப் பார்த்தபடி இருந்தார். நான் இரண்டாம் முறையும் சொன்னேன்.

மூன்றாவது தடவை நான் அங்கே இருந்தபோதுதான் பாறை வெடித்தது. கோலார் தங்க வயல்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பூமிக்குள் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடிக்கும், மேலே வீடெல்லாம் ஆடும். பாத்திரங்கள் உருண்டன, சுவரிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. எட்வின் அவருடைய அம்மாவைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். நான் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தேன், தொழில் புத்தி. தெருவெல்லாம் பெண்கள் சுரங்க வாசலான ஷாப்டைப் பார்த்து ஓடினார்கள். ஆள் இல்லாத சுரங்கத் தளத்தில்தான் பாறை விழுந்தது, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று செய்தி வர வெகு நேரம் ஆயிற்று. அதற்கு முன்னால், எட்வின் எனக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு சைக்கிள் வந்து கல்லில் மோதி விழுந்தது. அதிலிருந்து எழுந்தவர் என் வீட்டுக்காரர். சட்டைப் பட்டன் இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை, தலை கலைந்து கிடந்தது.

என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். எட்வினைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த ரேடியோவிடமும் அவர் காட்டி நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்து "செட்டு ரெடியா?" என்றுதான் கேட்டார். எட்வின் நல்ல மனுஷன், சட்டென்று உள்ளே போய் நாற்காலி கொண்டுவருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் "வாணாம்" என்று என் கருவிப் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். சைக்கிளை உருட்டியபடி அவர், கூடவே நான். இந்தத் தடவை பின்னால் நடக்கவில்லை. "அந்த ஊட்டுக்கு இனிமே நான் போறேன்" என்றார். "ஏன்?" என்றேன். சைக்கிளை வேகமாக உருட்டினார். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "பயந்துட்டீங்களா?" என்று கேட்டேன். ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "உள்ள பெஞ்ச் மேல அஞ்சு செட்டு தொறந்து கெடந்துச்சி. ஆடும்போது அத்தப் புடிச்சிகினு நிக்கணும்னு தோணல. உட்டுட்டு வந்துட்டேன்."

ரமணியின் செட்டு

போய்ப் பார்த்தால் அவர் சொன்னது நிஜம். ஒரு செட்டு தரையில் விழுந்து சுக்குநூறு. டயல் கண்ணாடி தூள், வால்வெல்லாம் பொடி. அது பக்கத்துத் தெரு ரமணியுடையது. ரமணி வாய்க்கு அந்த பஜாரே பயப்படும். மறுநாள் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "கடைய நம்பிக் குடுத்தா இதான் லட்சணமா? ஆடுச்சின்னா புடிச்சிக்க முடியாதா? உங்க ஊட்டுக்காரருக்குக் கை இல்லையா?" என் வீட்டுக்காரர் திரைக்குப் பின்னால் மூச்சு விடாமல் இருந்தார். வேறு செட்டு ஒன்று தருகிறோம் என்றேன். அவள் அடங்கவில்லை. அப்புறம் வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன்: நான் மாரிகுப்பத்தில் இருந்தது, அவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது.

ரமணி கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் மைன்ஸ் ஸ்டோரில் வேலை. பாறை வெடித்த நேரம் வீட்டில்தான் இருந்தாராம். ஆட்டம் நின்றதும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, உலையில் அரிசி போட்டாயிற்றா என்று கேட்டாராம். கொஞ்ச நேரம் உடைந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போகும்போது என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் லலிதா டீச்சர் வீட்டில் காபி குடித்துக்கொண்டு பார்த்த பார்வை அது. "வேற செட்டெல்லாம் வாணாம்க்கா. எம் புருஷன் அப்படி ஒரு தபா ஓடி வந்திருந்தா, நானே அத்தத் தூக்கிப் போட்டு ஒடச்சிருப்பேன்."

அதற்குப் பிறகாவது அவர் நன்றாகப் பேசினாரா என்று கேட்காதீர்கள்: நான் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் 'எப்ப வருவ' என்று கேட்க ஆரம்பித்தார், அந்த இரண்டு வார்த்தையில் அன்பு எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் நான் குடும்பம் நடத்தினேன்.